ஏரிக்கு வழி கேட்ட மீன்

முப்பத்தொரு வருடம் சியந்தார் ஊரில் நில அளவைச் சங்கிலியை இழுத்தவன் நான். ஒரு முழம் கூட்டி எழுதினால் அண்ணன் தம்பிக்குள் அரிவாள். ஒரு முழம் குறைத்து எழுதினால் மேலதிகாரி என் பக்கம் அரிவாளோடு வருவார். இருப்பதை இருக்கிறபடியே எழுதி எழுதி, எனக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாளே மதகு உடைந்தாற்போல் வெளியே பாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பிடித்த மீன் எதுவும் என் இடுப்பு உயரத்துக்குக் குறைந்ததில்லை. எங்கள் தெருவில் பெய்த மழையில் ஒரு எருமை மிதந்துபோய் மூன்றாம் தெருவில் கன்று போட்டது. காபிக் கடையில் யாரும் என்னை நம்புவதில்லை. ஆனால் யாரும் எழுந்தும் போவதில்லை.

இந்தக் கதையில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று இடங்களைத் தவிர.

ஜூலை மாதம் பள்ளிக்கூடங்களை மூடியதும் நாங்கள் மூன்று நண்பர்கள் தோபா ஏரி நடுவே இருக்கும் சமோசிர் தீவில், ஒனான் ருங்கு ஊரில், தும்பாலின் ஏரிக்கரை வீட்டில் கூடிவிடுவோம். எங்களில் யாருக்கும் இப்போது பள்ளிக்கூடமும் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் இல்லை. இருந்தாலும் ஜூலை என்றால் ஜூலைதான். ஒரு வாரம் ஏரியில் மிதப்போம், சதுரங்கம் ஆடுவோம், மாலையானால் கள் குடித்துவிட்டு எதிர்க்கரை மலைகள் காதைப் பொத்திக்கொள்ளும்படி பாடுவோம். தும்பால் பாட்டு வாத்தியாராக இருந்தவன்; பாடும்போது தவிர வாயைத் திறக்கமாட்டான். பின்சார் பல் வைத்தியன். மனைவி போன பிறகு அவனும் ஒரு அட்டைப் பெட்டி நிறைய மாத்திரைகளும் மட்டும் வருவார்கள். நான் என் மனைவி கொஸ்தாரியாவோடு வருவேன்.

கொஸ்தாரியா தும்பாலின் தங்கை. அங்கேதான் சிக்கல். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன், அவன் தங்கையை நான் கட்டிய நாளிலிருந்து எனக்குப் பெண் கொடுத்த வீடாகிவிட்டான். எங்கள் பதாக் இனத்து வழக்கில் பெண் கொடுத்த வீடு கடவுளுக்கு ஒரு படி கீழே. அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் விறகு பிளப்பதும் குண்டான் கழுவுவதும் பெண் எடுத்தவன் வேலை. பதிலுக்கு நம் வாழ்க்கையில் ஏதாவது பெரியது நடந்தால், அவர்கள் மீன் சமைத்துக் கொண்டுவந்து, மீனின் தலை நம்மைப் பார்க்கும்படி முன்னால் வைத்து, ஆசீர்வாதம் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த மீனைச் சாப்பிட்டால் உயிர் உடம்பில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

தும்பாலின் மனைவி எனக்குப் பாவோ. நானும் அவருக்குப் பாவோ. பாவோக்கள் ஒருவரோடொருவர் நேராகப் பேசக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, ஓர் அறையில் தனியாக இருக்கக்கூடாது. ஆகையால் இங்கேயும் அவர் பெயரை எழுதமாட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கெல்லாம் சிரிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் முப்பத்திரண்டு வருடமாகக் கடைப்பிடிக்கிறோம். பக்கத்தில் ஆள் இருந்தால் ஆள் வழியாகப் பேசிக்கொள்வோம். இல்லையென்றால் கெண்டி, தூண், நாய், எது கிடைக்கிறதோ அதன் வழியாக.

"ஏ தூணே, சாப்பாடு ஆறிப்போகுதுன்னு அந்த ஐயாகிட்ட சொல்லு" என்பார் அவர்.

"தூணே, அந்த அம்மா சமைச்சா ஆறினாலும் பத்துப் பேருக்கு வியர்க்கும்னு சொல்லு" என்பேன் நான்.

"தூணே, ஐயாவோட வாய்க்கு ஒரு மூடி செய்யச் சொல்லி கொல்லன்கிட்ட சொல்லியிருக்கேன்."

நேராகப் பேசிக்கொள்ளும் எத்தனையோ புருஷன் பெண்டாட்டிகளைவிட நாங்கள் அந்தத் தூண் வழியாக நன்றாகப் பேசிக்கொண்டோம்.

இந்த வருடம் புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் சாப்பாட்டுக்கு எப்போதும் அர்சிக்தான். செதிலோடு முழுக் கெண்டை மீனை எலுமிச்சைப்புல் மேல் படுக்கவைத்து, மஞ்சளும் அந்தாலிமான் மிளகும் அரைத்துப் பூசி, தண்ணீர் சுண்டும்வரை அரை நாள் சின்னத் தீயில் வேகவிடுவார் பாவோ. அந்தாலிமான் நாக்கை மரத்துப்போக வைக்கும். என் நாக்கையே மரத்துப்போக வைக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தோமோக் துறையில் படகு கரை தொட்டபோதே எனக்கு எச்சில் ஊறி, சட்டைப்பை நனைந்துவிட்டது.

பாயில் உட்கார்ந்தால் கடையில் வாங்கிய வறுத்த கோழி. ஒரு தட்டு நூடுல்ஸ். வெள்ளரிக்காய் நாலு துண்டு.

"ஏ கெண்டி," என்று காபிக் கெண்டியைப் பார்த்துச் சொன்னேன், "ஏரி மீனெல்லாம் பள்ளிக்கூட லீவுல ஊருக்குப் போயிடுச்சான்னு அந்த அம்மாகிட்ட கேளு."

பாவோ குனிந்து கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் மொழிபெயர்ப்பாளரையே கைது செய்துகொண்டு போய்விட்டார். தும்பால் கோழிக்காலைப் பாட்டு நோட்டு போலக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். பின்சார் என் முழங்காலில் ஒரு இடி இடித்தான்.

"சாப்ட்டு முடி. தண்ணிக்குப் போவோம்."

நாங்கள் நீந்துவதெல்லாம் நீச்சல் இல்லை. லாரி டயர் ட்யூபில் பின்பக்கத்தை இறக்கி, வயிற்றை வானத்துக்குக் காட்டி, கரையிலிருந்து முப்பது அடி தள்ளி மிதப்போம். சுற்றுலாப் படகுகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். அதில் வரும் பிள்ளைகள் எங்களைப் பார்த்து நீர்யானை என்று கையசைக்கும். நாங்களும் அசைப்போம்.

"பின்சார், என்னடா நடக்குது? எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு."

"என்கிட்ட கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? நான் இப்பதானடா வந்தேன்."

"போன ஜூலைல உனக்கு ஓய்வு மீன் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? மூணு மீன். ஒவ்வொண்ணும் முதலை சைஸ்."

"அதைப் பத்தி சியந்தார்ல போயி என்ன சொன்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நல்ல கதை அது. காபிக் கடையில் முதல் தடவை சொன்னபோது மீன் பாதிதான் வெந்திருந்தது. இரண்டாம் தடவை சொன்னபோது, தும்பால் ஆசீர்வாதத்தை முடித்ததும் மீன் வாயைத் திறந்து ஆமென் என்றது. மூன்றாம் தடவை அது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, "ஐயா, ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்டது. நான் கையைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டு வாலை ஊன்றி எழுந்து, படியிறங்கிப் போயே போய்விட்டது. கடைக்காரன் சிரித்த சிரிப்பில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. இதில் கலப்படமே இல்லை, டம்ளர் நிஜமாகவே உடைந்தது.

"நல்லாத்தானடா இருந்துச்சு கதை."

"நல்லாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேன். அது பஸ் ஏறி பாலிகே வரைக்கும் போச்சு. போற வழியில ரெண்டு பெரியவங்க ஆஸ்பத்திரில சேந்துட்டாங்க. ஒருத்தர் பொழைச்சாரா இல்லையான்னு இன்னும் தெரியல."

"யாரு?"

"யாருமில்லடா! கதையில!"

பின்சார் தண்ணீரைக் கையால் துழாவி என் பக்கத்தில் வந்தான். "பாலிகேல யார் இருக்கா?"

லஸ்மா இருந்தாள். தும்பாலின் ஒரே மகள். போன வருடம்தான் பாலிகேயில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டில் பருலியானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

"லஸ்மாவுக்கு இது ஏழாம் மாசம். சனிக்கிழமை மீன் ஊட்டறாங்க. பருலியானோட அம்மா ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. 'நீங்க எதுக்கு சிரமப்படணும், மீனை இங்கயே ஓட்டல்ல சொல்லிடறோம், நீங்க கையை வீசிட்டு வாங்க'ன்னு. ரொம்ப மரியாதையாச் சொன்னாங்களாம்."

நான் ட்யூபின் ஓட்டை வழியாக மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். வேண்டுமென்று இறங்கவில்லை, உடம்பு தானாகவே இறங்கியது.

ஏழாம் மாதத்தில் பெற்ற தாய் தன் கையால் மீன் சமைத்துக் கொண்டுபோய், மகள் வாயில் தன் கையால் ஊட்ட வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் மகளின் உயிரை உடம்போடு இறுக்கிக் கட்டுகிற கட்டு அது. அதை ஓட்டலில் வாங்கி ஊட்டு என்று ஒரு தாயிடம் சொல்வது, உன் கை ஆகாது என்று சொல்வதுதான். சொன்னது பருலியானின் அம்மா. சொல்ல வைத்தது நான். அதுவும் எதை வைத்து? பெண் கொடுத்த வீடு எனக்கு ஆசீர்வாதமாகக் கொடுத்த மீனை வைத்து. கடவுள் பிரசாதம் கொடுத்தால் அதில் கல் இருந்தது என்று ஊரெல்லாம் சொன்ன மாதிரி.

"மச்சானுக்குத் தெரியுமாடா?"

"உன்னைத் தவிர சமோசிர்ல நாய் நரிக்கெல்லாம் தெரியும். எட்டு மாசமா இந்த வீட்ல அர்சிக் வெக்கல."

அதற்குப் பிறகு நான் கரை ஏறவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோபா ஏரித் தண்ணீர் ஜூலையில் பல்லைக் கிட்ட வைக்கும். எனக்கு மட்டும் காதெல்லாம் கொதித்தது. என்னைச் சுற்றி இரண்டடிக்குத் தண்ணீரில் ஆவி பறந்தது என்று சொல்வேன், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வெயில் சாயும்போது கொஸ்தாரியா துறைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். அண்ணன் அவளிடமும் சொல்லியிருக்கிறான் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ஏங்க. வெளிய வாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்."

"அங்கயே குடித்தனம் பண்ணலாம்னு இருக்கீங்களா? எங்க அண்ணி உள்ள உக்காந்து வெங்காயம் உரிக்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா, எதுக்கும் இல்லையாம், சும்மாவாம். ஒரு கூடை உரிச்சாச்சு. எனக்கு அண்ணன் வீடுன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் உங்க வாயால கழுவி ஊத்திட்டீங்க."

"நான் எவ்வளவோ கதை சொல்லியிருக்கேன் கொஸ்தா. எருமை கன்னு போட்டதையெல்லாம் யாராச்சும் நம்பினாங்களா?"

"எருமைக்கு சம்பந்தி வீடு இல்லீங்க."

ஏறிவிட்டேன். துண்டைப் போர்த்திக்கொண்டு நேராகத் தும்பாலிடம் போனேன். அவன் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். "மச்சான், தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். பல் தந்தி அடித்தது.

அவன் ஒரு கட்டையை எடுத்து இடம் மாற்றி வைத்தான். "எங்கிட்ட எதுக்குடா சொல்ற? மீன் சமைக்கறது நானா?"

அவ்வளவுதான். அவன் என்னை உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பின்சாரின் கைப்பேசியில் பருலியானின் அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஒலிபெருக்கியில் போட்டான். ஆக, நான் மானம் இழந்ததை எங்கள் வீடு, பக்கத்து வீடு, துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் எல்லோரும் கேட்டார்கள்.

"அம்மா, நான் குல்தோம் பேசறேன். லஸ்மாவோட அத்தை வீட்டுக்காரர்."

"ஓ! கண் சிமிட்டற மீன்! சொல்லுங்க ஐயா, எப்படி இருக்கீங்க?"

"அந்த மீன் விஷயமாத்தாங்க. அது பொய். எங்க பெண் கொடுத்த வீட்டு மீன் மாதிரி இந்தத் தீவுலயே கிடையாது. அது வாசத்துக்கு ஏரியில இருக்கற மத்த மீனெல்லாம் வரிசை கட்டி வந்து, எங்களையும் சமைங்கன்னு..."

"ஐயா, ஐயா. நிறுத்துங்க." துணிக்கடைக்காரியின் குரல், முழம் போட்டுக் கிழிக்கிற குரல். "போன வருஷம் மீன் நடந்து போச்சு. இந்த வருஷம் வரிசை கட்டி வருது. இதுல எதை நான் நம்பணும்? மருமக வயித்துல புள்ளை இருக்கு. மச்சான் வீட்டு மானத்துக்காக நீங்க பேசறீங்க, அது புரியுது. போனை வெக்கட்டுமா?"

"வெக்காதீங்க!" என்று நான் கத்தியதில் கொல்லைக் கோழிகள் பறந்தன. "சேர்க்காம சொல்றேன்."

"சொல்லுங்க பாப்போம்."

மூச்சை இழுத்தேன். சங்கிலி பிடித்த காலத்துக் குறிப்பேடு போல ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "மூணு மீன். பெருசு ரெண்டு கிலோ இருக்கும். நான் ரெண்டு துண்டு சாப்ட்டேன். வெந்திருந்துது. அன்னிக்கு இருபது பேர் சாப்ட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மீன் பேசல. மத்ததெல்லாம் நானாச் சேத்தது."



"இதுல சிரிப்பே வரலயே" என்றார் அவர்.

"வராதுங்க."

"அப்ப உண்மையாத்தான் இருக்கும் போல. சரி. இதை எங்கிட்ட சொன்னாப் பத்தாது. எங்க ஆளுங்க அம்பது பேர் வராங்க, அத்தனை பேரும் அந்தக் கதையைக் கேட்டவங்க. சனிக்கிழமை மீனை எடுத்துட்டு வாங்க. ஊட்டறதுக்கு முன்னாடி நீங்க எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லணும். விகடம் கூடாது. ஒரு விகடம் பண்ணினாலும் ஓட்டல் மீனைத்தான் வெப்பேன். அதையும் சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டினோம். காஸ் அடுப்பு வேண்டாம், விறகில்தான் வைப்பேன் என்று பாவோ நாத்தனாரிடம் சொல்லியிருந்தார். விறகு என் வேலை. கொல்லைப்புறத்துக் கூரைக்குக் கீழே மூன்று கல் அடுப்பில் குண்டான் ஏறியது. நான் ஒரு பக்கம் குந்தி உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபக்கம் இஞ்சி இடித்துக்கொண்டிருந்தார். கொஸ்தாரியா வாழையிலை வெட்டப் போயிருந்தாள். தும்பால் சனிக்கிழமைப் படகு பேசத் துறைக்குப் போயிருந்தான். பின்சாரின் குறட்டை கேட்டது.

ஒரு மணி நேரம் இருக்கும். அடுப்பு வழியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "ஏ அடுப்பே..." என்று ஆரம்பித்தேன்.

"பாவோ" என்றார் அவர்.

அடுப்பைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. என் கையிலிருந்த விறகு காலில் விழுந்தது. வலிக்கவில்லை. பிறகுதான் நகம் கறுத்தது.

"அன்னிக்கு மீன் வேகலதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பாதியில காஸ் தீந்துபோச்சு. விறகு ஈரம். பெரிய மீனைப் பிரிச்சுப் பாத்தேன், முள்ளுப் பக்கம் சிவப்பா இருந்துச்சு. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. மேல மசாலாவை மூடிக் கொண்டுவந்து வெச்சுட்டேன். ஆசீர்வாத மீனை. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் உங்க கதை வந்துச்சு, பாதி வெந்த மீன்னு." உலக்கையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். நேர்ல கேக்க முடியாதே, அதனால கதையாச் சொல்லிட்டீங்கன்னு. சம்பந்தியம்மா வேணாம்னு சொன்னப்பக்கூட நான் வாயத் திறக்கல. சரிதானே, நான் செஞ்சதுக்குத்தானேன்னு."

எட்டு மாதம். எட்டு மாதமாக இந்த அம்மா என் கதையை உண்மை என்று நினைத்துச் சுமந்திருக்கிறார். உலகத்தில் என்னை நம்பிய ஒரே ஆள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்ன தெரியாது?"

"மீன் வேகலன்னு. நான் பேசிக்கிட்டே சாப்ட்டேன். ருசி எப்படி இருந்துச்சுன்னே ஞாபகம் இல்ல. நெசமாவே வேகலன்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."

"அப்ப எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"சிரிக்கறதுக்கு."

அவர் என்னையே பார்த்தார். கோபித்துக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டிருப்பேன். அவர் பார்த்தது, கடையில் எடுத்த சீலையை வீட்டில் விரித்ததும் நடுவில் ஓட்டை தெரிந்தால் பார்ப்பார்களே, அப்படி.

"விறகை உள்ள தள்ளுங்க. தீ இறங்குது" என்றார்.

தள்ளினேன்.

கொஞ்சம் கழித்து மறுபடி பேசினார், இந்தத் தடவை குண்டானைக் கிளறிக்கொண்டே. "நாளைக்கு எழுந்து நின்னு, அன்னிக்கு நல்லா வெந்திருந்துதுன்னு சொல்லாதீங்க. எம்பொண்ணு வாயில மீன் வெக்கறதுக்கு முன்னாடி பொய் வேணாம்."

இலைக்கட்டோடு கொஸ்தாரியா வந்துவிட்டாள். பாவோ பேச்சை அவளிடம் திருப்பிக்கொண்டார். நான் சாயங்காலம்வரை தீயை விட்டு எழுந்திருக்கவில்லை. புகையில் கண் எரிந்து கண்ணீர் வழிந்ததில் அடுப்பு இரண்டு தடவை அணையப் பார்த்தது. புகைதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

வெந்திருந்தது என்று சொன்னால் பொய். வேகவில்லை என்று சொன்னால் ஓட்டல் மீன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று யோசித்து யோசித்து, சனிக்கிழமை படகில் பாலிகே போய்ச் சேரும்வரை எனக்கு விடை கிடைக்கவில்லை. பாவோ குண்டானைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அவர் கை மூடியை அழுத்தியது.

பருலியான் வீட்டில் பாய் விரித்து ஐம்பது பேர். நடுவில் லஸ்மா, தோளில் புதுச் சால்வையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பாவோ மீனைத் தட்டில் எடுத்து, தலை மகளைப் பார்க்கும்படி வைத்தார். பருலியானின் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்து நின்றேன். நான் எழுந்ததுமே ஒரு மூலையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. "வந்துட்டாருய்யா!" என்றது ஒரு குரல்.

"போன வருஷம் எனக்கு இந்த வீட்டு மீன் கிடைச்சுது" என்றேன். "ஆசீர்வாத மீன். அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஏன்னா நான் அதைக் கவனிச்சுச் சாப்பிடல. பேசிக்கிட்டே விழுங்கினேன். அப்புறம் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பத்தி ஊரெல்லாம் கதை கட்டினேன். அந்தக் கதையில மீனோட குத்தம் எதுவும் கிடையாது. சமைச்சவங்க குத்தமும் கிடையாது. பெண் கொடுத்த வீட்டுக்கு முன்னாடி தலை குனிஞ்சு சொல்றேன், குத்தம் என்னோடது."

ஒருவர் கையைத் தட்டினார். "அப்புறம்? மீன் என்ன சொல்லுச்சு?"

ஐம்பது பேரும் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் முன்னோட்டம், கதை இனிமேல்தான் வரும் என்று எல்லோரும் சம்மணத்தைச் சரிசெய்து காத்திருந்தார்கள். என் நாக்கின் நுனியில் ஒரு வரி வந்து நின்றது. சத்தியமாக, என் வாழ்க்கையில் தோன்றிய வரிகளிலேயே சிறந்தது அதுதான். பருலியானின் அம்மா சமையலறைத் திரையில் ஒரு கையை வைத்திருந்தார். திரைக்குப் பின்னால் ஓட்டல் மீன் இருந்தது.

"அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சிரிப்பு மெல்ல வடிந்தது. ஒரு பெண்மணி, "என்ன, முடிஞ்சுதா?" என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டார். பருலியானின் அம்மா என்னையே பார்த்தார். பிறகு திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊட்டுங்க சம்பந்தி."

பாவோ உடனே ஊட்டவில்லை. எல்லோரும் பார்க்க, பெரிய மீனின் முதுகை விரலால் பிளந்து, சதையை முள்ளிலிருந்து தூக்கிக் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முள் வரைக்கும் வெள்ளை. அங்கேயிருந்து ஒரு கவளம் எடுத்து, சோற்றோடு உருட்டி, மகள் வாயில் வைத்தார். லஸ்மா மென்றாள். மிளகு ஏறிக் கண்ணில் நீர் வர, "இன்னும் கொஞ்சம்மா" என்று வாயைத் திறந்தாள்.

நான் எழுந்து குண்டான் கழுவப் போனேன். அது என் வேலை.

கிணற்றடியில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பருலியானின் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் சிகரெட் பிடிக்க வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஐயா, 'மீனைச் சாப்ட்டேன், ருசி தெரியாது'ன்னு மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க பாருங்க. என்னால முடியல. எங்கருந்துதான் புடிக்கிறீங்களோ!"

"விளையாட்டில்லப்பா. அது நடந்தது."

"பாத்தியா, பாத்தியா!" என்று இன்னொருவன் அவன் தோளில் அடித்தான். "மறுபடி அதே மூஞ்சி!"

அவர்கள் சிரித்து முடித்துப் போகும்வரை நான் குண்டானின் அடியைத் தேய்த்தேன். அடிப் பிடித்த மஞ்சள் ஓர் ஓரத்தில் போகாமலேயே இருந்தது. பின்சார் ஒரு தட்டில் சோறும் வால் பக்கத்து மீனும் கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்தான்.

"உங்க பாவோ குடுத்துவிட்டாங்க. பேசாம சாப்பிடு."

சாப்பிட்டேன்.